பழகிவிடும் என்கிறார்கள், பழகுமா? ஃபைபர் வேலையும் உடம்பு தடிப்பும்

கேள்வி, 2024 ஏப்ரல் 21
தம்பி தங்கச்சிமடம் பக்கம் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கிறது, வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொஞ்ச நாளாக இரண்டு மணிக்கட்டிலும் தடிப்பு, நீர்க்கொப்புளம். காலையில் எழுந்தால் கண் இமை உப்பி, கண்ணே திறக்க வரவில்லை. மேஸ்திரி "தின்னர் அலர்ஜிதாம்ப்பா, எல்லாருக்கும் முதல்ல வரும், பழகிடும்" என்கிறார். பழகுமா? இல்லை வேறு வேலை பார்க்கச் சொல்லவா?

ஏப்ரல் 21, இரவு
பழகாது.

கண் இமை வீங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தின்னரை இமையில் யாரும் ஊற்றிக்கொள்வதில்லை. மணிக்கட்டில் பட்டு மணிக்கட்டிலேயே, பட்ட உடனே எரிந்தால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். படாத இடத்தில், ஒன்றிரண்டு நாள் கழித்து, எரிச்சலைவிட அரிப்பு அதிகமாக வந்தால் உடம்பு ஏதோ ஒரு பொருளை எதிரி என்று குறித்து வைத்துவிட்டது. இமைத் தோல் மிக மெல்லியது. காற்றில் வரும் ஆவியையும், கையால் கண்ணைத் தேய்க்கும்போது ஒட்டுகிற துளியையும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

தம்பி எதைத் தொடுகிறார் என்று கேட்டு எழுதுங்கள். பாலியெஸ்டர் ரெசினா, எபாக்ஸியா, மீன் அறைக்குப் பஃப் என்கிற நுரை ஊற்றும் வேலையா? பெயிண்ட் என்றால் ஒரே டின்னா, இரண்டு டின்னைக் கலக்குகிறதா? வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே "ஃபைபர் வேலை". உடம்புக்கு இவை எல்லாம் வேறு வேறு.

ஏப்ரல் 22
எதை வைத்துப் பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். மண்டபம் பக்கம் வத்தைக்கும் வல்லத்துக்கும் ஃபைபர் ஒட்டுகிற வேலையில் இருந்தவன். டாக்டர் இல்லை. எபாக்ஸியை இறுக வைக்கக் கலக்குகிற ஹார்டனர் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், இப்போது அதே தொழிலில் சரக்கு வாங்கிக் கொடுப்பதும் கணக்கு எழுதுவதுமாக இருக்கிறேன். வந்த புதிதில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் "யார்கிட்ட அடி வாங்கிட்டு வந்தீக?" என்று கேட்டார்கள். அந்த அளவுக்கு இமை வீங்கியிருந்தது.

குழாய் கசிவை அடைக்க இரண்டு கட்டியாக வாங்கிப் பிசைவோமே, அந்த மாவைக்கூட இன்று நான் தொட முடியாது. கை வைத்தால் மறுநாள் விரல் இடுக்கில் கொப்புளம். வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை.

ஏப்ரல் 23
பதில் வந்துவிட்டது. அடிப்பாகத்துக்குப் பாலியெஸ்டர் ரெசினில் கண்ணாடி இழை மேட் ஒட்டுகிறார்கள். ஏரா, அதாவது படகின் அடிக்கட்டை, அந்தப் பக்கம் விரிசலுக்கு மட்டும் எபாக்ஸி. கை கழுவுவது அசிட்டோனில். பிரஷ் ஊறப்போடுவது தின்னரில்.

சரி, ஒவ்வொன்றாக.

அசிட்டோனும் தின்னரும் மூக்கைத் துளைக்கும். தலை சுற்றும். தோலில் உள்ள எண்ணெயை உறிஞ்சி வெள்ளையாக்கி, வெடிக்க வைக்கும். ஆனால் அசிட்டோனுக்கு அலர்ஜி என்பது அபூர்வத்திலும் அபூர்வம். ரெசினில் வரும் அந்த இனிப்பு கலந்த நெடி ஸ்டைரீன். அதுவும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், தலைவலி தரும், நாள்பட்டால் நரம்புக்கும் நல்லதில்லை. தோல் அலர்ஜிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் அது இல்லை.

ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட், ஊதா நிறத்தில் இருக்குமே, அது அலர்ஜி தரும். எபாக்ஸி ரெசின் தரும். எபாக்ஸி ஹார்டனரில் இருக்கும் அமீன்கள் தரும். இரண்டு டின் பெயிண்டிலும் பஃப்பிலும் வரும் ஐசோசயனேட் தோலை விட நுரையீரலில் கை வைக்கும். இவற்றில் பல நெடியே இல்லாதவை, இல்லை லேசாக மீன் கவுச்சி போல அடிப்பவை. மீன் கவுச்சியை நம் ஊரில் எவன் கண்டுகொள்ளப் போகிறான்?

நெடி அடிக்கிற தின்னர் மேல் பழி விழுகிறது. உண்மையில் தின்னர் செய்வது வேலியைப் பிடுங்கிப் போடுகிற வேலை, உள்ளே வந்து மேய்கிற ஆடு வேறு. அசிட்டோனில் கழுவி வெடித்த கையோடு அடுத்த டப்பா எபாக்ஸியைக் கலக்கும்போதுதான் ஹார்டனர் நேராக உள்ளே இறங்குகிறது. ஆகவே முதல் காரியம், அசிட்டோனில் கை கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ரெசின் இறுகுவதற்கு முன் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இறுகிப் போனது தானாக உதிரும், சுரண்ட வேண்டாம்.

ஏப்ரல் 23, பிற்பகல்
"கருவாடு, நண்டு, இறால், கத்திரிக்காய் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்" என்று கேள்வி கேட்டவர் சேர்த்திருக்கிறார். பாம்பன் தீவில் இருக்கிறவனை இதையெல்லாம் விடச் சொன்னால் அவன் சோற்றுக்கு எதைத் தொட்டுக்கொள்வான்? ஹார்டனர் அலர்ஜிக்கும் நண்டுக்கும் சம்பந்தமில்லை. நண்டு சாப்பிட்டு எப்போதாவது வாய் தடித்திருந்தால் அது தனி விவகாரம்.

மே 2
தடிப்பு எங்கே வருகிறது என்று பார்த்தாலே பாதி துப்பு கிடைக்கும். எங்கள் பட்டறையில் ஒருவருக்கு வலது காதும் கன்னமும் மட்டும் சிவந்து உரியும். இடது பக்கம் சுத்தமாக இருக்கும். காதுக்குச் சொட்டு மருந்து, சீழ் இல்லையே என்று சந்தேகம், பல் டாக்டர் வரைக்கும் போய் வந்தார். கடைசியில் பார்த்தால் போன். எபாக்ஸி கலக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் கையுறையைக் கழற்ற நேரமேது, அப்படியே எடுத்துக் காதில் வைப்பார். போன் உறையின் ஓரத்தில் ஹார்டனர் மெழுகு போலப் படிந்திருந்தது.

இன்னொருவருக்கு இடுப்பில், இடது பக்கம் மட்டும், உள்ளங்கை அகலத்தில். பிரஷ் துடைக்கிற துணியைக் கைலி மடியில் செருகிக்கொள்கிற பழக்கம். இது போக பைக் கைப்பிடி, தண்ணீர் கேன் மூடி, பீடிக்கட்டு. வீட்டில் வேலைக் கைலியை மற்ற துணியோடு ஊறப்போட்டு, துவைக்கிற பெண்ணுக்குக் கை தடித்ததும் உண்டு.

கேள்வி கேட்டவரே, தம்பியின் போனைத் துடைத்துக் கொடுங்கள். இது கிண்டல் இல்லை.

மே 3
கையுறை போட்டும் வந்தது என்கிறார் தொண்டி நண்பர். எந்த உறை? மருந்துக் கடையில் கட்டாக வாங்குகிற மெல்லிய உறைக்கும் அசிட்டோனுக்கும் ஒத்தே போகாது. நீல நிற நைட்ரைல் உறையிலும் அசிட்டோன் ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும். உறை உப்பி வழுவழுவென்று ஆகும், கவனித்திருப்பீர்கள். அதற்குள் வேர்வை. மே மாத வெயிலில் உறைக்குள் கை வெந்து கிடக்கும்போது உள்ளே போன துளி வெளியே வர வழியில்லை. போடாததைவிட மோசம்.

அசிட்டோனுக்குப் பியூட்டைல் ரப்பர் தாங்கும். விலை கூட, விரலும் முரடாக இருக்கும், மேட்டை நீவ முடியாது. நடைமுறையில் எங்களுக்குச் சரிப்பட்டது, எபாக்ஸிக்குத் தடித்த நைட்ரைல், ஒரு கலவை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது, அந்த உறையோடு அசிட்டோன் பக்கம் போவதே இல்லை. சிக்கனம் என்று ஒரே உறையைக் கழுவிக் கழுவிப் போடுகிறவர்கள் உண்டு. உள்பக்கம் திருப்பிக் காயவைத்து மறுநாள் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வணக்கம்.

மே 9
இது கொஞ்சம் பெரிய விஷயம், பொறுமையாகப் படியுங்கள்.

தோல் தடிப்பு உயிரை எடுக்காது, பிழைப்பை எடுக்கும். உயிர் விஷயம் பஃப்பில் இருக்கிறது. விசைப்படகில் ஐஸ் கரையாமல் இருக்க மீன் அறைச் சுவருக்குள் நுரை ஊற்றுகிறோம். ஒரு கேனில் பழுப்பு நிறத்தில் ஒன்று, இன்னொரு கேனில் தேன் நிறத்தில் ஒன்று. கலக்கிய கொஞ்ச நேரத்தில் பொங்கி, சூடேறி, கல்லாகும். பழுப்பு நிறத்துக் கேன்தான் ஐசோசயனேட்.

எங்களோடு இருந்த ஒரு பையனுக்கு அதில் வேலை பிடிக்கும். நுரை பொங்கி வருவதைப் பார்க்க ஆசை. சில மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் ராத்திரி இருமல் ஆரம்பித்தது. பகலில் படகுக்குள் ஏறி இறங்கும்போது நன்றாக இருப்பான், படுத்தால் நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பான். ஐஸ் குளிர்ச்சி, பனி, கடற்காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஏப்ரலில் ராமநாதபுரத்தில் ஏது பனி என்று யாரும் கேட்கவில்லை. இந்த வகை ஆஸ்துமா, வேலை முடித்துப் பல மணி நேரம் கழித்து வரலாம். அதனால்தான் வேலையோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

ஒருநாள் அவன் வேலைக்கே வரவில்லை, சம்பளம் வாங்க வந்தான். பக்கத்துப் படகில் வேறு ஆட்கள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது. நெடியே தெரியவில்லை எங்களுக்கு. பணத்தை எண்ணிக்கொண்டிருந்தவன் உட்கார்ந்துவிட்டான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குழி விழுந்து விழுந்து எழும்புகிறது, பேச வாய் திறந்தால் ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. 108 வந்து ஆக்சிஜன் வைத்துக் கொண்டுபோனார்கள். பிழைத்தான். இப்போது ஊரில் பலசரக்குக் கடையில் இருக்கிறான், நுரை மெத்தைக் கடையில் சேரப் போனவனை நான்தான் தடுத்தேன்.

அலர்ஜி வந்த பிறகு அளவு என்ற பேச்சே கிடையாது. மற்றவனுக்குத் தெரியாத துளி அவனைச் சாய்க்கும். துணி கட்டினால் தாங்காது. தூசி முகமூடியும் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு உதவும், அதிலும் வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே அலர்ஜி வந்தவனுக்கு முகமூடி தீர்வில்லை. அந்த வேலையிலிருந்து வெளியே வந்தாக வேண்டும், சீக்கிரம் வந்தால் மூச்சு மீள வாய்ப்பு அதிகம்.

மே 10
போபாலில் 1984ல் கசிந்ததும் இதுவா என்று மூக்கையூர்க்காரர் கேட்கிறார். ஒரே குடும்பம், வேறு ஆள். அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட், 39 டிகிரியில் கொதித்துவிடும், நம் ஊர் மத்தியான வெயிலே கிட்டத்தட்ட போதும். பஃப்பில் இருப்பது சாதாரண சூட்டில் அவ்வளவாக ஆவியாகாது. ஊற்றும்போது ஏறுகிற சூடும், ஸ்ப்ரேயும், மூடிய அறையும் சேர்ந்தால்தான் காற்றில் கலக்கும். போபால் என்று பயமுறுத்தினால் பையன்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், நடுச்சாம இருமலைச் சொல்லுங்கள்.

மே 11
நுரையீரல் டாக்டரிடம் போகிறவர்கள் பீக் ஃப்ளோ மீட்டர் பற்றிக் கேளுங்கள். ஒரு குழாய், பலமாக ஊதினால் முள் நகரும். வேலை நாளிலும் லீவு நாளிலும் பகலில் பல தடவை ஊதிக் குறித்துக்கொண்டு போனால், எதனால் வருகிறது என்று அந்தத் தாளே சொல்லும். பாம்பன், தங்கச்சிமடத்தில் ஞாயிறு ஓய்வு, கீழக்கரைப் பக்கம் வெள்ளி. அந்த ஒருநாளில் மூச்சோ தோலோ லேசாகிறதா என்று கவனித்தாலும் போதும். முற்றியவர்களுக்கு ஒருநாள் போதாது, வாரக்கணக்கில் ஆகும்.

மே 19
"ஒரு துளி தின்னர் பட்டால்கூட அலர்ஜி உள்ளவன் அப்படியே விழுந்துவிடுவான், எங்கள் ஊரில் என்ஜின் அறையில் ஒருவர் விழுந்தார்" என்று ஒரு பதிவு. இதை அப்படியே விட முடியாது.

என்ஜின் அறையிலோ மீன் அறையிலோ தின்னரோடு இறங்கியவர் விழுந்தால், அது அலர்ஜி என்று நினைத்துப் பின்னாலேயே குதிக்காதீர்கள். தின்னர் ஆவி, அசிட்டோன் ஆவி எல்லாம் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கே மூச்சுக்குக் காற்று இல்லை, ஆவிதான் இருக்கிறது. தூக்கப் போகிற இரண்டாமவனும் விழுவான். மேலே நின்று கயிற்றால் இழுக்க முடிந்தால் இழுங்கள், காற்று உள்ளே போக வழி செய்யுங்கள், 108க்கும் தீயணைப்புக்கும் சொல்லுங்கள். ஸ்விட்சைத் தொடாதீர்கள், ஒரு பொறி போதும்.

தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பானால் உடனடி அலர்ஜி அதிர்ச்சி வருவது அரிது. நம் தொழிலில் வருகிற அலர்ஜி பெரும்பாலும் தாமதமாக வருகிற வகை. இருந்தாலும் ஒருவருக்கு உதடு, நாக்கு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, தலை சுற்றினால் அது எதனால் வந்தாலும் மருந்து ஒன்றுதான், அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். பட்டறை அலமாரியில் இருக்கும் அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், உயிரைப் பிடிக்காது. "மாத்திரை போட்டிருக்கேன், கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்காரக் கூடாது. தீவுக்குள் இருப்பவர்கள் பாலம் தாண்டிப் போக வேண்டுமா, அருகில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

மே 20
பாலியெஸ்டர் ரெசின் இறுகக் கலக்குகிற கேட்டலிஸ்ட் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தண்ணீர் போலவே இருக்கும், அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற புண்ணியவான்கள் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறார்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. கோபால்ட்டோடு நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், பாட்டிலில் பெயர் எழுத மட்டும் யாருக்கும் பேனா கிடைக்காது.

மே 26
பழைய காலமே நல்லது என்று கீழக்கரை அண்ணன் எழுதியிருக்கிறார். புன்னை எண்ணெயும் குங்கிலியமும் வைத்து மரப்படகை அடைத்தார்கள், யாருக்கும் அலர்ஜி இல்லை என்று. அண்ணே, குங்கிலிய வாசம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே காலத்தில் படகுக்கும் மரத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்கள், தொட்டவன் கை வெந்து கொப்பளிக்கும். சேராங்கொட்டையால் துணியில் குறி போட்டால் கழுத்தில் தழும்பு விழுகிற ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். முந்திரி எண்ணெய், சேராங்கொட்டை இரண்டும் ஒரே வகையறா அலர்ஜிதான். டர்பன்டைன்கூட மரத்திலிருந்து வருவதுதான், பழசாகிக் காற்றுப்பட்டால் அலர்ஜி தரும். மரத்தில் வந்தது, டின்னில் வந்தது என்று உடம்பு பார்ப்பதில்லை.

கொத்தனார் கை வெடிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். சிமெண்டில் உள்ள குரோமியம். அது தனி இழையாகப் போகட்டும்.

ஜூன் 5
"கரைப்பானுக்கு அலர்ஜியே வராது என்கிறீர்களா" என்று கேட்டவருக்கு. அப்படிச் சொல்லவில்லை. நம் கரையில் புழங்கும் அசிட்டோன், தின்னர் பற்றிச் சொன்னேன். ஒரு கரைப்பான் இருக்கிறது, அதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன், காரணம் அது எங்கள் வீட்டு விஷயம்.

என் சித்தப்பா மகன் ஓசூர்ப் பக்கம் ஒரு முலாம் பூசும் பட்டறைக்கு வேலைக்குப் போனான். உலோகத் துண்டுகளில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு தொட்டி, அதில் ட்ரைகுளோரோஎத்திலீன் சூடாகி ஆவியாக நிற்கும், கூடையில் வைத்து இறக்கி ஏற்ற வேண்டும். வேலைக்குப் போன ஒரு மாதத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டான். காய்ச்சல், முகத்திலிருந்து மார்பு வரை சிவந்த தடிப்பு, கண் சிவப்பு. சித்தி பார்த்த உடனே முடிவு செய்துவிட்டார், ஆத்தா இறங்கியிருக்கிறாள். வேப்பிலை கட்டி, தனி அறையில் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார்கள். அப்புறம் கண் மஞ்சளானது. உடனே கீழாநெல்லி. ஒவ்வொரு அறிகுறிக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

ஊருக்கு வரும் கிராமச் செவிலியர் எட்டிப் பார்த்தவர், "என்ன வேலைக்குப் போனே?" என்று கேட்டார். அவன் தொட்டியைப் பற்றிச் சொன்னான். அன்றைக்கே ஆஸ்பத்திரி. கல்லீரல் கணக்கெல்லாம் ஏறிக் கிடந்தது. நல்லவேளை, அங்கே பார்த்த டாக்டருக்கு இந்தக் கரைப்பானின் பெயர் தெரிந்திருந்தது. ஸ்டீராய்டு கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்து, தோல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து, எழுந்தான்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. இந்தக் கரைப்பானில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் வெகு சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குள், இப்படி வரும். காய்ச்சல், உடல் முழுக்கத் தடிப்பு, கல்லீரல் வீக்கம், சிலருக்கு வாயும் கண்ணும் புண்ணாகும், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் வருகிற கடும் அலர்ஜியைப் போலவே இருக்கும். சீனாவில் தொழிலாளர்களிடம் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எச்எல்ஏ-பி 13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போவதிலும் இதே மரபணுதான். ஆகவே பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது ஒரு சாட்சியே இல்லை. அலர்ஜி தவிர, 2012ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது.

கூடுதலாக ஒன்று. அந்தத் தொட்டியில் வேலை செய்பவர்கள் மாலையில் கொஞ்சம் குடித்தால் முகம் திட்டுத் திட்டாகச் சிவக்கும். அதை வைத்தே யார் குடித்தார்கள் என்று வீட்டில் கண்டுபிடிப்பார்களாம். இவன் சொல்லிச் சிரிக்கிறான், சித்திக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6
சித்தியைக் குறை சொல்வதாகச் சிலருக்குப் பட்டிருக்கிறது. இல்லை. காய்ச்சலும் தடிப்பும் என்றால் அம்மை என்று நினைப்பது எந்த வீட்டிலும் நடக்கும். அவன் முதலில் காட்டிய இடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டவரும் "என்ன வேலை?" என்று கேட்கவில்லையே. வேலைக்கு எடுத்தவர்களும் தொட்டியில் என்ன இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை, "பிசுக்கு எடுக்கும் தண்ணி" என்றார்கள்.

அதனால் எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். வேலை இடத்தில் உள்ள ஒவ்வொரு டின்னையும் கேனையும் லேபிள் தெரிய போனில் படம் எடுத்து வையுங்கள். சரக்குக் கடையில் கேட்டால் பாதுகாப்புத் தாள் தருவார்கள், பெரிய கம்பெனிச் சரக்கு என்றால் இணையத்திலேயே கிடைக்கும். டாக்டரிடம் "கெமிக்கல்" என்று சொல்வதும் "உடம்பு சரியில்லை" என்று சொல்வதும் ஒன்றுதான்.

ஜூன் 18
தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிந்து படகெல்லாம் இறங்கிவிட்டது. பட்டறைகள் காலி. இப்போதுதான் கேள்வி கேட்டவருக்கு நேரம் கிடைத்துத் தம்பியை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தோல் பிரிவில் முதலில் காட்டி, எழுதிக் கொடுத்த பிறகு மதுரையில் பேட்ச் டெஸ்ட்.

போகிறவர்களுக்காக: முதுகில் சிறு சிறு வில்லைகளாகப் பொருள்களை ஒட்டுவார்கள். இரண்டு நாள் நனைக்கக் கூடாது, வேர்க்கவும் கூடாது, அதனால் ஆவணி தாண்டிப் போவது உத்தமம். எடுத்த அன்றும், மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள், இரண்டாவது தடவையைத் தவறவிடாதீர்கள், சில அலர்ஜி அப்போதுதான் தெரியும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது. வழக்கமான வரிசையில் கோபால்ட்டும் எபாக்ஸி ரெசினும் இருக்கும், ஹார்டனர் இருக்காது. லேபிள் படம் காட்டினால் அதற்கு என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பட்டறைச் சரக்கை நீங்களே கையில் தடவிப் பார்க்கிற சோதனை மட்டும் வேண்டாம். சும்மா இருக்கிற தோலுக்குப் புதிதாக அலர்ஜி கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

ஜூன் 19
மேஸ்திரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. எரிச்சல் மட்டும் உள்ள சிலருக்குத் தோல் தடித்து, உண்மையிலேயே கொஞ்சம் பழகிவிடும். அவர் கண்ணெதிரே அது நடந்திருக்கிறது. ஆனால் அவர் பட்டறையில் பார்ப்பது யாரை? பழகியவர்களை மட்டும். பழகாதவன் ஐஸ் கம்பெனிக்கோ, சென்ட்ரிங் வேலைக்கோ, மலேசியாவுக்கோ போய்விட்டான், அவன் திரும்பி வந்து "எனக்குப் பழகவில்லை" என்று மேஸ்திரியிடம் சொல்லப் போவதில்லை. நானே என் பழைய மேஸ்திரியிடம் சொன்னதில்லை. அவர் கணக்கில் நான் "கணக்கு வேலை பிடிச்சுப் போனவன்".

ஜூலை 3
முடிவு வந்துவிட்டது. எபாக்ஸி ரெசினுக்குப் பலமான எதிர்வினை. கோபால்ட்டுக்கு ஒன்றுமில்லை.

தம்பி பாலியெஸ்டர் வேலையில் மட்டும் தொடரலாமா என்று கேட்கிறார்கள். பாலியெஸ்டர் ரெசினும் எபாக்ஸியும் வேறு வேறு பொருள், ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் வரும் என்ற கட்டாயமில்லை. கோபால்ட்டும் சரி என்பதால் தொடரலாம் என்றுதான் டாக்டரும் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரே கொட்டகையில் ஒருவர் எபாக்ஸி கலக்க, இவர் பக்கத்தில் மேட் ஒட்டுவது சரிவராது. எபாக்ஸி பூசிய இடத்தைத் தேய்க்கிற வேலையும் கூடாது, சரியாக இறுகாத தூசி போதும். பிரஷ், டப்பா, துணி எல்லாம் தனி. இந்த ஏற்பாட்டை மேஸ்திரி ஒத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ஜின் வேலை கற்றுக்கொள்ளட்டும், டீசல் அழுக்கு வேறு, அதில் இந்தப் பிசாசு இல்லை. மருந்துக் கடையில் தானாக வாங்குகிற ஸ்டீராய்டு களிம்பைப் பூசிக்கொண்டு எபாக்ஸியிலேயே ஓட்டலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள். தோல் காகிதமாக மெலிந்துபோகும்.

ஜூலை 4
நஷ்ட ஈடு கிடைக்குமா என்று ஒருவர். தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தின் அட்டவணையில் வேலையால் வரும் தோல் நோயும் ஆஸ்துமாவும் இருக்கின்றன. காகிதத்தில் இருக்கிறது. நான்கு பேர் வேலை செய்கிற கடற்கரைக் கொட்டகையில், சம்பளச் சீட்டே இல்லாதவன், யாரிடம் வேலை செய்தேன் என்று நிரூபிப்பது முதல் சண்டை. டாக்டர் சீட்டில் "எபாக்ஸி ரெசின், வேலை காரணமாக" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எதற்கும் உதவும்.

ஜூலை 21
கேள்வி கேட்டவரிடமிருந்து ஒரு வரி: மேஸ்திரி எபாக்ஸியைக் கடைசிக் கொட்டகைக்கு மாற்றிவிட்டாராம். தம்பிக்காக இல்லை, மேஸ்திரியின் மருமகனுக்கும் கண் இமை வீங்க ஆரம்பித்துவிட்டதாம்.

மருமகனையும் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். லேபிள் படம் தம்பி போனில் இருக்கிறதல்லவா, அனுப்பிவிடுங்கள்.